இரண்டு கேட் வைத்த வீடு

"…அத மொதல்ல கழட்டி அந்தப் பக்கம் வை தம்பி. அது கழுத்துல கெடந்தா எனக்குப் பேச்சு வரமாட்டுது."

படப்பையில், தன் வீட்டுப் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஏகாம்பரம் அண்ணன் சொன்ன வார்த்தை இது. 'அது' என்று அவர் சொன்னது கழுத்து பிசகியவர்களுக்கு டாக்டர்கள் மாட்டிவிடுகிற பட்டை. அவருக்குக் கழுத்தில் எந்தக் கோளாறும் இல்லை. பிறகு அந்தப் பட்டை அங்கே எப்படி வந்தது, அதைக் கழற்றியவர் அடுத்து என்ன செய்தார் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். இடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுகிற இந்த சர்வேயர் தொழிலில் என் காலம் முழுவதும் ஓடிவிட்டது. இப்போது சிட்லபாக்கத்தில் ஏரிக்கரையில் நடக்கும்போதும் ஒரு வண்டியின் நசுங்கிய பம்பரைக் கண்டால் கால் தானாக நிற்கிறது. அப்படி நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஏகாம்பரம் அண்ணன் நினைவுக்கு வருகிறார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் இப்போது வீடியோ காலிலேயே பாதி சர்வேயை முடித்துவிடுகிறீர்கள். குறை சொல்லவில்லை. எனக்கு அந்த வசதி இருந்திருந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டு வெயிலில் பாதியை மிச்சம் பிடித்திருப்பேன். ஆனால் போனில் வண்டி மட்டும்தான் தெரியும். அந்த வண்டி நிற்கிற வீடு தெரியாது.

என்னை இந்தத் தொழிலில் இறக்கிவிட்ட பெரியவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். நம் தொழிலில் நாய்க்கு எவ்வளவு பெரிய இடம் என்பது உங்களுக்கே தெரியும். யாரை இடித்திருந்தாலும், எப்படி இடித்திருந்தாலும், எழுதிக் கொடுக்கும்போது மட்டும் 'நாய் குறுக்கே வந்தது, பிரேக் போட்டேன், சுவரில் மோதியது' என்றுதான் வரும். தாம்பரத்துக்கும் படப்பைக்கும் நடுவே என் ரிப்போர்ட்டுகளில் குறுக்கே ஓடிய நாய்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் முடிச்சூர் ரோட்டில் மனிதர் நடக்க இடம் இருக்காது. ஒருநாள் பெருங்களத்தூரில் ஒருவர் அதே நாயை எங்கள் முன்னால் ஓடவிட்டார். பொய் என்பது அவர் பம்பரில் ஒட்டியிருந்த ஆட்டோவின் மஞ்சள் பெயிண்டிலேயே தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டு, உண்மையான கவலையோடு, "ஐயய்யோ, நாய்க்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். அந்த மனிதர் திணறிவிட்டார். "இல்ல சார், ஒண்ணும் ஆகல" என்றார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு அவராகவே, "சார், நாய் வரல சார்" என்றார்.

திரும்பி வரும்போது பெரியவர் சொன்னார்: "மூலையில தள்ளினா பூனையும் சீறும். கதவத் தொறந்து வெச்சுட்டுச் சும்மா இரு, அதுவா வெளிய வந்துடும்."

இதை நான் பல வருஷம் ஒரு தந்திரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தந்திரம் இல்லை என்று எனக்குக் காட்டிக்கொடுத்த இடம் படப்பை.

ஏகாம்பரம் அண்ணன் படப்பையின் பழைய குடும்பம். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம் ஒரகடத்துக்குக் கம்பெனிகள் வந்த பிறகு மனைகளாயிற்று, கடைகளாயிற்று. அவருக்கு மெயின் ரோட்டில் சிமெண்ட், கம்பிக் கடை. கோயில் கமிட்டியோ கல்யாணப் பேச்சோ, அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் தொண்டையைக் கனைப்பார்கள். அவர் புதிதாக வாங்கிய பெரிய காரின் பின்பக்கம் மார்க்கெட் தெருவில் இடிபட்டிருந்தது. பின்னால் இருந்தது ஒரு லோடு வண்டி. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்புக் கதவு, கிரில் செய்கிற பட்டறையின் வண்டி அது. ஓட்டியவர் பெயர் தாஸ்.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் வாசலுக்குள் நின்றது. எனக்கு முன்பே அதற்கு எல்லாம் நடந்து முடிந்திருந்தது. பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. ஷாம்பு போட்டு அலம்பியாயிற்று. நசுங்கிய இடத்தில் மஞ்சள் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு. லோடு வண்டியின் பெயிண்ட் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும், அதில் ஏதாவது தெரியும் என்று போனவன் நான். ஒரு மணமகளைப் பார்க்க வந்தவனைப் போல நின்றேன்.

"கண்ணுதான் சார்" என்றார் அவர் மனைவி கௌரி அக்கா. "கார் வாங்கி வூட்டுக்கு வந்த அன்னிக்கே எதிர்க்கடைக்காரன் பாத்த பார்வை கீதே… எலுமிச்சம்பழம் நசுங்குறதுக்கு முன்னாடி அவன் பார்வை வண்டிய நசுக்கிடுச்சு."

"அலம்பாம விட்டிருக்கலாமே அக்கா, நான் பார்த்த பிறகு…"

"திருஷ்டிய வெச்சுகினு உங்களுக்காகக் காத்திருக்க முடியுமா சார்?"

இதற்கு எந்தப் பாலிசியிலும் பதில் கிடையாது. போட்டோ எடுத்துக்கொண்டு, "வண்டி ஓடுற நிலையிலதானே இருக்கு, ஏன் இன்னும் ஒர்க்ஷாப்புக்கு விடல?" என்று கேட்டேன். ஒர்க்ஷாப்காரர் என்னிடமே புலம்பியிருந்தார், கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிக்கிறது, வண்டி வரவில்லை என்று.

"மச்சான் வரட்டும்" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"மச்சான் எங்கே?"

"திருப்பதி போயிருக்கான்."

அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஏனென்றால் போர்டிகோவில் இன்னொருவர் இருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மடியில் லேப்டாப். விபத்தில் சிக்கியவர்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு கிளெய்ம் கம்பெனியின் பையன். இவர்களை நீங்களும் பார்ப்பீர்கள். ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்துவிடுவார்கள். நியாயமாக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், கை கால் போனவர்களுக்கு உண்மையாகவே தோள் கொடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தம்பி அந்த ரகம் இல்லை.

"சிம்பிள் ப்ராசஸ் சார்" என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "பின்னாடி இடிச்சாலே பின்னாடி வந்தவன் தப்பு. அது யூனிவர்சல். உங்களுக்குக் கழுத்து வலி. எங்க பேனல் டாக்டர் சர்டிஃபிகேட் குடுப்பாரு. சாயங்காலம் ஸ்டேஷன்ல டிரைவர் மேல ஒரு கம்ப்ளெயிண்ட், எஃப்.ஐ.ஆர். ஆயிடும். மிச்சத்த நாங்க பாத்துக்குவோம். நீங்க ஒரு ரூபா குடுக்க வேணாம்."

"கழுத்து வலிக்கலியேப்பா" என்றார் அண்ணன்.

"இப்ப வலிக்காது சார். பின்னாடிதான் வலிக்கும்."

"அவன் மேல கேஸ் போடலன்னா?"

"அப்ப உங்க காருக்கே ஒண்ணும் வராது சார். யார் தப்புன்னு ப்ரூவ் ஆகணும்ல?"

நான் தலையை நிமிர்த்தினேன். அது சுத்தப் பொய். அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் கேட் திறந்து தாஸ் உள்ளே வந்தார்.

முப்பதைத் தாண்டிய ஆள். சட்டையில் மேல் பட்டன் இல்லை. இடித்த அன்று மார்க்கெட்டில் யாரோ காலரைப் பிடித்து இழுத்ததில் போனது, இன்னும் தைக்கவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, போர்டிகோப் படிக்குக் கீழே வந்து நின்றார்.

"ஓனர் அனுப்சாரு அண்ணா. உங்க கால்ல வுழுந்தாவது கேஸ் இல்லாம பாத்துக்கோன்னாரு. எஃப்.ஐ.ஆர். ஆச்சுன்னா லைசென்ஸ் மாட்டிக்கும், நானும் பட்டறைப் பக்கம் வரக்கூடாதாம். அஞ்சாறு எடத்துல டெம்பரவரியா ஓட்டி, இப்பத்தான்ணா ஒரு எடத்துல பி.எஃப். புடிக்கிறாங்க. எம் பொஞ்சாதி அதச் சொல்லிச் சொல்லி மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி வெச்சுது."

அவருக்கு என்ன போகவிருக்கிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. நான் மெதுவாக, "எப்படி ஆச்சு தாஸ்?" என்றேன்.

"நான் நின்னுகினு இருந்தேன் சார். சந்துல கால்வா பள்ளம் தோண்டி வெச்சிருந்தானுங்க. அண்ணன் உள்ள பூந்துட்டாரு, முன்னாடி போவ வழியில்ல. பின்னாடி வந்தாரு. நான் நின்னுகினுதான் சார் இருந்தேன்."

"எல்லா டிரைவரும் சொல்ற டயலாக்" என்றார் கிளெய்ம் கம்பெனித் தம்பி.

மார்க்கெட்டில் யாரும் சாட்சி இல்லையா என்று கேட்பீர்கள். சாட்சி நிறைய. ஆனால் இடித்த சத்தம் கேட்டதுமே, அண்ணன் கதவைத் திறப்பதற்கு முன்பே, ஒரு குரல் "டேய், அண்ணன் வண்டிய இடிச்சுட்டான்டா" என்று கத்திவிட்டது. அதற்குப் பிறகு ஊரே அதைத்தான் பார்த்தது. கேமரா இருந்த ஒரே கடை பஜ்ஜிக் கடை, அந்தக் கேமரா கல்லாப்பெட்டியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள்: ஏகாம்பரம் அண்ணன் பொய் சொல்லவில்லை. ஊர் சொன்னது. அவர் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். பெயிண்டர் ஒருவர் என்னிடம் அடிக்கடி சொல்வார்: "வண்டில கீறல் வுழுந்தா நான் மறைச்சுக் குடுத்துடுவேன் சார். கௌரவத்துல வுழுந்தா அவனவனே பட்டி பாத்துக்கணும்."

என் வேலையோ சேதத்தைப் பார்ப்பது. யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. லோடு வண்டி பின்னால் வந்து இடித்தாலும் நசுங்கும், கார் பின்னால் போய் இடித்தாலும் நசுங்கும். எதுவாக இருந்தாலும் மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் அடியில் போய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அந்த வீட்டில் இரண்டு கேட் இருப்பது எனக்குத் தெரிந்தது.

முன்பக்கம் தெருவில் ஒன்று. பக்கவாட்டில் சந்தில் இன்னொன்று. வாசலில் பதித்திருந்த கல்லில் சக்கரத் தடம் ஒரே ஓட்டமாக முன் கேட்டில் நுழைந்து, வீட்டைச் சுற்றி வளைந்து, சந்து கேட்டில் வெளியே போயிற்று. ராஜா வீட்டு வாசல் மாதிரி, கௌரவத்துக்காகக் கட்டியது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். இப்போது அந்தச் சந்திலும் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்ததால் சந்து கேட்டைத் திறக்க வழியில்லை. கார் முன் கேட்டில் நுழைந்து, வீட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றது. அது வெளியே போக வேண்டும் என்றால் ஒரே வழிதான். ரிவர்ஸ்.

மச்சான் வரட்டும்.

எனக்கு விளங்கிவிட்டது தம்பிகளா. இந்த மனிதருக்கு ரிவர்ஸ் வராது! அது வெளியே தெரியக்கூடாது என்று ஒரு வீட்டையே வளைத்துக் கட்டியிருக்கிறார். அதற்குக் கொத்தனாரும், கல்லும், இரண்டாவது கேட்டுக்கு இரும்பும் செலவழித்திருக்கிறார். மனிதன் ஒரு சின்னக் குறையை மறைக்க எவ்வளவு பெரிய கட்டடத்தையும் எழுப்புவான் என்று எண்ணி மலைத்துப்போய் நின்றேன்.

நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. 'அண்ணா, மர நிழல்ல சரியா தெரியல, வண்டியக் கொஞ்சம் ரோட்டுக்கு எடுத்து விடுங்களேன்.' அவ்வளவு போதும். அத்தனை பேர் முன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும், தாஸ் பிழைத்துவிடுவார், நான் கெட்டிக்காரன் ஆகிவிடுவேன்.

அந்த வாக்கியத்தை விழுங்கினேன். இந்தத் தொழிலில் நான் பேசிய எதையும் விட, பேசாமல் விழுங்கிய அந்த ஒன்றைத்தான் உங்களிடம் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். மனைவி முன்னால், தன் காலில் விழ வந்த ஒருவன் முன்னால் மூலையில் தள்ளினால், அந்த மனிதர் சீறியிருப்பார். 'எனக்கா ரிவர்ஸ் வராது? எழுதுடா கம்ப்ளெயிண்ட' என்றிருப்பார். வாய்க்கு எட்டிய உண்மை எல்லாம் அவிழ்ந்த முடிச்சாகிவிடாது. இழுக்கத் தெரியாமல் இழுத்தால் இன்னும் இறுகும்.

வேறு ஒன்றைச் சொன்னேன். அதுவும் உண்மைதான். "அண்ணா, உங்க கார் ரிப்பேருக்கு வர வேண்டியது எப்படியும் வந்துடும். நீங்க எடுத்திருக்கிறது முழு இன்ஷூரன்ஸ். யார் மேல தப்பா இருந்தாலும் உங்க காருக்கு உண்டு."

அவர் சட்டென்று என்னைப் பார்த்தார். "யாரு இடிச்சாலும்?"

"யாரு இடிச்சாலும். நீங்களே போயி செவுத்துல இடிச்சாலும்."

"சார், அது ஓன் டேமேஜ், வண்டிக்கு மட்டும். நான் சொல்றது உங்களுக்கு நஷ்டஈடு, அது வேற ஹெட்" என்று தம்பி குறுக்கிட்டார். அவசரமாகப் பையைத் திறந்து பிளாஸ்டிக் கவரிலிருந்து கழுத்துப் பட்டையை எடுத்தார். "போட்டோ மட்டும் எடுத்துக்கலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே அண்ணனின் கழுத்தில் மாட்டிவிட்டார். அண்ணன் தடுக்கவில்லை. மனம் வேறெங்கோ இருந்தது. பட்டை மாட்டியதும் முகவாய் மேலே தூக்கிக்கொண்டது. படிக்குக் கீழே நின்ற தாஸைப் பார்க்க வேண்டுமானால்கூட அவரால் முடியாது, கண்ணை மட்டும்தான் தாழ்த்த முடியும்.

நான் ஒரு கதவைத் திறந்துவைத்தேன், அதோடு என் கெட்டிக்காரத்தனம் தீர்ந்துபோனது. அதற்கு மேல் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

தாஸ் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறிவிட்டது. ஒரு படி மேலே ஏறினார்.

"அண்ணா, கழுத்துல அடியா? இது எனக்குத் தெரியாதே! அன்னிக்கு நல்லாத்தான இறங்குனீங்க… வலிக்குதாண்ணா?"

தாஸ் இன்னும் ஒரு படி ஏறினார்.

"எம் மேலயும் தப்பு கீதுண்ணா. ஆரன் வேலை செய்யல. ஓனராண்ட சொல்லிகினேதான் இருந்தேன். நீங்க பின்னாடி வர்றப்ப நான் கதவத் தட்டிக் கத்துனேன், நீங்க கண்ணாடி ஏத்தி ஏசி போட்டிருந்தீங்க, கேக்கல. ஆரன் மட்டும் இருந்திருந்தா உங்களுக்குக் கழுத்துல அடி பட்டிருக்காது. தைலம் எதுனா தடவுனீங்களா? குரோம்பேட்டையில நல்ல எலும்பு டாக்டரு ஒருத்தர் கீறாரு, நானே வண்டில இட்டுகினு போறேன்ணா."

பெரியவர் பெருங்களத்தூரில் நாயை விசாரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் பெரியவருக்கு நாய் இல்லை என்று தெரியும். தாஸுக்குத் தெரியாது. தன் பிழைப்பைப் பறிக்கப்போகிற கழுத்துப் பட்டையைப் பார்த்து, அது பொய்யாக இருக்கும் என்ற எண்ணம்கூட அந்த மனிதருக்கு வரவில்லை. வலிக்கிறதா என்றுதான் கேட்கத் தோன்றியது. என்ன பிறவி இது என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டோ எடுக்க போனைத் தூக்கிய தம்பிக்கும் கை அப்படியே நின்றது.

"நேராப் பாருங்க சார்" என்றார், குரலே இல்லாமல்.

அப்போதுதான் ஏகாம்பரம் அண்ணன் சொன்னார். "இந்தா பாரு. எதனா பேசணும்னா எனக்கு இது ஆவாது. அத மொதல்ல கழட்டி அந்தப் பக்கம் வை தம்பி. அது கழுத்துல கெடந்தா எனக்குப் பேச்சு வரமாட்டுது."

தம்பி கழற்றினார். அண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டார். கௌரி அக்கா கதவருகில் வந்து நின்றார்.

"அவன் நின்னுகினுதான் இருந்தான்" என்றார் அண்ணன். "பின்னாடி வந்தது நான். கார்ல அந்த ஸ்கிரீன்ல பின்னாடி எல்லாம் தெரியுது சார், கீ கீன்னு கத்துது. அது கத்தக் கத்த எனக்குப் பதறுது. பிரேக்குன்னு நெனச்சு இன்னொண்ண அமுக்கிட்டேன். இறங்கறதுக்குள்ள எவனோ கத்திட்டான், இவன இழுத்துட்டானுங்க. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

"என்னங்க இது?" என்றார் கௌரி அக்கா.

"இன்னா என்னங்க? உனக்குத் தெரியாதா? எதுக்கு இந்தச் சந்து கேட்டு வெச்சேன்னு உனக்குத் தெரியாதா?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்.

"சார், நல்லா யோசிச்சு…" என்று ஆரம்பித்தார் தம்பி.

"யோசிச்சாச்சுப்பா. நீ காப்பி குடிச்சுட்டுக் கெளம்பு." பிறகு தாஸைப் பார்த்தார். "உங்க ஓனர் நம்பர் குடு, நான் பேசுறேன். கேஸும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாளைக்குப் பட்டறைக்குப் போ. மொதல்ல அந்த ஆரனச் சரி பண்ணச் சொல்லு, நானே சொல்றேன்."

தாஸுக்கு உடனே விளங்கவில்லை. "அப்ப கழுத்து வலி இல்லியாண்ணா?" என்றார். அதில் குத்தல் கொஞ்சமும் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது.

ஏகாம்பரம் அண்ணன் எழுந்தார். வேட்டி மடிப்பிலிருந்து கார் சாவியை எடுத்தார். படி இறங்கி, அத்தனை பேர் பார்க்க, தாஸின் கையில் வைத்தார்.

"ஒர்க்ஷாப்புக்குப் போவணும். நீ எடு" என்றார். "எனக்கு ரிவர்ஸ் வராது."

பிறகு சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை முழுசாக இறக்கி, ஒரு கையை வெளியே நீட்டி, கழுத்தை நன்றாகப் பின்னால் திருப்பி, "வரலாம்… வரலாம்… லேசா லெஃப்ட்டு… வரலாம்" என்று தெரு கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.